மேனேஜர் ஆவதா, கம்ப்யூட்டர் கோடு எழுதுவதா? முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

பொருநைக்கரை | ஞாயிறு, காலை 10.40

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் இதுவரை வாசிக்க மட்டும்தான் செய்திருக்கிறேன். இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று வந்தேன்.

வயது 34. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2012-இல் திருநெல்வேலியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். கேம்பஸில் எதுவும் அமையவில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறி எழும்பூரில் இறங்கினேன். வேளச்சேரியில் ஆறு பேர் இருந்த அறையில் நான் ஏழாவது ஆள். எட்டு மாதம் அலைந்து டெஸ்டிங் வேலை கிடைத்தது, இரண்டு வருஷத்தில் டெவலப்பர், அப்புறம் டேட்டாபேஸ் பக்கம் வந்துவிட்டேன். 2020 மார்ச்சில் லாக்டவுனுக்கு ஊருக்கு வந்தவன், திரும்பிப் போகவில்லை. வீட்டிலிருந்தே வேலை.

இப்போது கம்பெனியில் கேட்கிறார்கள்: சென்னைக்கு வா, 14 பேர் கொண்ட டீமுக்கு மேனேஜர் ஆகு, சம்பளம் மூன்றில் ஒரு பங்கு கூடும். வேண்டாம் என்றால் இப்போதிருக்கும் வேலையிலேயே தொடரலாம். ஆனால் இந்த அழைப்பு மறுபடி வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

எனக்கு மனம் ஒட்டுகிற வேலை எது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன், அதை வைத்து நீங்களே சொல்லுங்கள். சில வருஷம் முன்னால் ஒரு பால் கொள்முதல் நிறுவனத்துக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். காலையில் பால் ஊற்றியதும் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, தொகை எவ்வளவு என்று விவசாயிக்குத் தமிழில் எஸ்எம்எஸ் போகும். முதல் மாதமே எஸ்எம்எஸ் பில் இரண்டு மடங்கு வந்தது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும். தமிழில் எழுதினால் 70 இடம்தான். அதைத் தாண்டினால் 67, 67 ஆக உடைந்து இரண்டாகக் கணக்காகும். எங்கள் செய்தி 76 இடம் பிடித்தது. சில போன்களில் இரண்டாவது பாதி முதலில் வந்து, தொகை மட்டும் தெரிந்து, எதற்கு என்று தெரியாமல் ஆட்கள் குழம்பினார்கள்.

‘வணக்கம்’ என்பதை எடுத்துவிடச் சொன்னார்கள். நாம் பார்க்கையில் அது ஐந்து எழுத்து. உள்ளே ஏழு இடம், ஏனென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி இடம் உண்டு. எடுத்தால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் பால் ஊற்றிவிட்டு வருகிற ஆளுக்கு விடியற்காலையில் வருகிற முதல் செய்தி அது, வணக்கம் இல்லாமல் போகக் கூடாது என்று எனக்குப் பட்டது. ஒவ்வொரு சொல்லாக எண்ணினேன். ‘தங்களுடைய’ 9 இடம், ‘உங்கள்’ 6. ‘லிட்டர்’ 7 இடம், ‘லி.’ என்று போட்டால் 3. மொத்தம் ஏழு குறைந்து 69-இல் நின்றது. வணக்கமும் நின்றது.

இந்த மாதிரி வேலை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்காருவேன். ஆட்களுக்கு லீவு கொடுப்பது, அப்ரைசல் எழுதுவது, கிளையன்ட் மீட்டிங் எல்லாம் எனக்கு வருமா என்று தெரியவில்லை. அம்மாவுக்கு வயது 61. என்ன செய்யலாம்?

---

பேட்டை ரோடு | ஞாயிறு, பகல் 12.15

தம்பி, நான் 22 வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன், அதில் 13 வருஷம் மேனேஜர். பெருங்குடியில் வேலை, சொந்த ஊர் பேட்டை. உள்ளதைச் சொல்கிறேன், கோபப்படக் கூடாது.

போ. பிடித்த வேலையை மட்டுமே செய்துகொண்டிருந்த நல்ல நல்ல ஆட்கள் நாற்பது தாண்டியதும் திணறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான கம்பெனிகளில் டெக்னிக்கல் ஏணி பாதியில் நின்றுவிடும். அதற்கு மேல் உயர வேண்டும் என்றால் ஆட்களைக் கையாளத் தெரிய வேண்டும். நீ ஊரில் உட்கார்ந்திருக்கிறாய், உன் முகமே அவர்களுக்கு ஸ்க்ரீனில்தான் தெரியும். ஆள் குறைப்பு என்று வந்தால் முதலில் யார் பெயர் வரும் என்று யோசித்துப் பார்.

அப்புறம், மேனேஜர் வேலை என்றால் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுவது மட்டும் என்று நினைக்காதே. ஆறு பேர் தங்கிய அறையில் ஏழாவது ஆளாக நீ வந்தாய் அல்லவா, அது மாதிரி வருகிற ஒரு பையனை நல்ல வேலையில் உட்கார வைக்க உன் கையில் ஒரு நாற்காலி இருக்கும். எனக்கு இந்த வேலையில் பெரிய நிறைவு அதுதான். தூத்துக்குடி, தென்காசி, நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கிலீஷில் பதில் சொல்லத் தடுமாறும்போது, ‘தமிழிலேயே சொல்லு, எனக்கு விஷயம்தான் வேண்டும்’ என்று இன்டர்வியூவில் சொல்கிற இடத்தில் நான் இருக்கிறேன். நீயும் அந்த இடத்துக்கு வரலாம்.

---

தென்காசிச் சாரல் | ஞாயிறு, பகல் 3.05

பேட்டை அண்ணாச்சி சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஊரில் இருந்தால் வாய்ப்பே இல்லை என்கிற மீதிப் பாதியைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி பிற்பாடு ஸோஹோ ஆன நிறுவனம் 2011-இல் எங்கள் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டபோது, குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற ரோட்டில் மென்பொருளா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ஸோஹோ டெஸ்க் என்கிற தயாரிப்பு அங்கேதான் உருவானது, உலகம் முழுக்க விற்கிறது. கங்கைகொண்டானில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் சிறப்புப் பொருளாதார மண்டலம் இருக்கிறது. ஆக, ஊரில் இருந்துகொண்டு பெரிய வேலை செய்ய முடியாது என்பது பழைய பேச்சு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சென்னையில் ஒரு கம்பெனி பிடிக்கவில்லை என்றால் அதே ரோட்டில் இன்னொன்று இருக்கும். இங்கே ஒன்றை விட்டால் அடுத்தது எது என்று யோசிக்க வேண்டும். அதனால் ஊரில் இருக்கிறவன் இரண்டு விஷயம் செய்தாக வேண்டும்: ஒரு வருஷத்துக்கான வீட்டுச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும், தான் செய்கிற வேலை வெளியே நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்க வேண்டும். நான் முதலாவதைச் செய்தேன், இரண்டாவதைச் செய்யவில்லை. நடுவில் ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்தபோது அதன் அருமை தெரிந்தது. நான் என்ன செய்திருக்கிறேன் என்று காட்ட என்னிடம் பழைய கம்பெனியின் அனுபவச் சான்றிதழைத் தவிர ஒன்றும் இல்லை.

பொருநைக்கரை தம்பி, அந்த எஸ்எம்எஸ் கதையை எங்கேயாவது முழுசாக எழுதி வைத்திருக்கிறீர்களா?

---

சங்கரன்கோவில் மாணவன் | ஞாயிறு, மாலை 6.30

அண்ணா, நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். எனக்கு இரண்டு கேள்வி. உங்களுக்கு இந்த ஆர்வம் எப்படி வந்தது? எங்கள் வகுப்பில் இந்த வருஷம் பைத்தான், அடுத்த வருஷம் வேறு என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், எதைப் பிடிப்பது என்றே தெரியவில்லை. இன்னொன்று, இப்போது ஏஐ-யே கோடு எழுதிவிடுகிறது, இனிமேல் ஆளே வேண்டாம் என்கிறார்கள். நான் இந்தப் படிப்பைப் படித்ததே வீணா?

---

பொருநைக்கரை | ஞாயிறு, இரவு 9.50

தம்பி, உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

பி.இ. இரண்டாம் வருஷம், சி மொழி கற்றுக்கொண்ட புதுசு. அம்மாவின் பீடிக்கடை பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை ஆயிரம் சுற்றினாள், எவ்வளவு இலை, எவ்வளவு தூள் வாங்கினாள், கூலி எவ்வளவு என்று கூட்டுகிற புரோகிராம் ஒன்று எழுதினேன். கூலியை ஃப்ளோட்டில், அதாவது புள்ளி வைத்த தசம எண்ணாக, வைத்தேன். மாதக் கடைசியில் பைசா உதைத்தது. அம்மா விரல் விட்டு எண்ணியதுதான் சரி, என் புரோகிராம் தப்பு. பத்துப் பைசாவும் இருபது பைசாவும் சேர்ந்தால் முப்பது பைசா. அதை ரூபாயாக, 0.1, 0.2 என்று டபுள் என்கிற தசம எண் வகையில் வைத்துக் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும், பதினேழாவது இடத்தில் ஒரு 4 ஒட்டிக்கொண்டு. நம் பத்தில் ஒரு பங்கைக் கம்ப்யூட்டரால் இரண்டின் அடுக்குகளில் முழுசாக எழுத முடியாது, அதனால் வருகிற பிசகு. ரூபாயை விட்டுவிட்டுப் பைசாவை முழு எண்ணாக வைத்ததும் கணக்கு அம்மாவோடு ஒத்துப்போனது. அன்றைக்குப் பிடித்த ஆர்வம்தான். புரோகிராம் ஓடுகிறதா என்று பார்த்ததோடு விடாமல், அம்மா கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் பழகினேன்.

அதற்கப்புறம் என்னை முழுசாக இழுத்துப் போட்டது வரிசை. அதே பால் நிறுவனம். ஊர்ப் பட்டியலை டேட்டாபேஸில் இருந்து அகரவரிசையில் எடுத்துக் கொடுத்தேன். வள்ளியூரில் கணக்குப் பார்க்கிற அக்கா போன் பண்ணினார்கள். ‘தம்பி, கன்னியாகுமரிய ஏன் கயத்தாறுக்கு மேல தூக்கி வச்சிருக்கிய? ன கடைசியில்லா வரணும்?’

நான் போய்ப் பார்த்தால் என் பட்டியல் இப்படி இருந்தது: கடையம், கன்னியாகுமரி, கயத்தாறு, கல்லிடைக்குறிச்சி, களக்காடு, கழுகுமலை. அகராதிப்படி வர வேண்டியது: கடையம், கயத்தாறு, கல்லிடைக்குறிச்சி, கழுகுமலை, களக்காடு, கன்னியாகுமரி. யூனிகோடில், அதாவது கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான எண் பட்டியலில், ந-வுக்குப் பக்கத்திலேயே ன, ர-வுக்குப் பக்கத்திலேயே ற, ல-வை அடுத்து ள, ழ, அதற்கும் பின்னால் வ என்று எண் கொடுத்திருக்கிறார்கள். டேட்டாபேஸ் அந்த எண்ணைப் பார்த்து அடுக்கிவிட்டது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது ய ர ல வ ழ ள ற ன. முக்கூடலும் முகவூரும் அதே மாதிரிதான் இடம் மாறி நின்றன. அகராதியில் க் முன்னால் வரும், க பின்னால் வரும். யூனிகோடில் புள்ளியின் எண் எல்லா உயிர்மெய்க்கும் பின்னால் இருப்பதால் முகவூர் முந்திக்கொண்டது.

அப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் நானே ஒரு எண் கொடுத்து, அதை டேட்டாபேஸ் அட்டவணையில் தனிப் பத்தியாகச் சேமித்து, அதை வைத்து வரிசைப்படுத்தினேன். மூன்று ராத்திரி ஆனது. 2017-இல் போஸ்ட்கிரஸ் என்கிற டேட்டாபேஸின் 10-ஆம் பதிப்பு வந்தபோது ஐசியூ என்கிற மென்பொருள் நூலகத்தின் மொழிவாரி வரிசையைப் பயன்படுத்தும் வசதி வந்துவிட்டது, தமிழுக்கான விதியும் அதில் இருக்கிறது. இப்போது அந்தப் பத்திக்கு ஒரு கொலேஷன் (வரிசை விதி) பெயர் சேர்த்தால் முடிந்தது. மூன்று ராத்திரி வேலை ஒரு சொல்லில் முடிந்ததே என்று எனக்கு வருத்தம் இல்லை. அந்த மூன்று ராத்திரி இல்லாமல் அந்த ஒரு சொல்லை எங்கே போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்காது.

இதில்தான் உன் ஏஐ கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஊர்ப் பெயர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் அது நொடியில் கோடு எழுதிக் கொடுக்கும், தப்பில்லாமல் ஓடவும் செய்யும். நான் பார்த்தவரை, தமிழ் வரிசை வேண்டும் என்று நாமாகக் கேட்காவிட்டால் எண் வரிசையைத்தான் கொடுத்துவிட்டுப் போகும். கன்னியாகுமரி மேலே நிற்கிறது என்று வள்ளியூர் அக்கா சொன்னார்கள். அவர்கள் சொன்னது புரிந்து, அதன் காரணத்தை அடி வரை தோண்டிப் பார்க்கிற ஆள் நாளைக்கும் வேண்டும். பைத்தானா வேறா என்று கவலைப்படாதே. ஒரு பிரச்சினையைப் பிடி, அதை விடாதே. எந்த மொழி வேண்டும் என்று அதுவே கேட்கும்.

சாரல் அண்ணாச்சி, எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நீங்கள் கேட்டதும் சுருக்கென்று இருந்தது.

---

ஆடிக்காற்று | திங்கள், காலை 7.20

வரிசைக் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கயத்தாறு பக்கம் காற்றாலைத் தரவு பார்க்கிறவள். எலெக்ட்ரிகல் (ஈஇஇ) படித்துவிட்டு சைட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். டவர் டவராகப் போய் மீட்டர் குறித்துக்கொண்டு வருகிற வேலை. எக்ஸெல்லில் ஆரம்பித்து, பைத்தான் கற்று, இப்போது அந்தத் தரவு முழுக்க என் பொறுப்பு.

உங்களுக்கு வரிசை படுத்திய பாட்டை எனக்கு நேரம் படுத்தியது. மின் கட்டத்தில் (கிரிட்டில்) ஒரு நாளைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக 96 துண்டு போடுவார்கள். எவ்வளவு மின்சாரம் தருவோம் என்று துண்டு துண்டாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு ஆடி மாதம், எங்கள் தினசரி உற்பத்திக் கணக்கும் சப்ஸ்டேஷன் மீட்டர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. மாத மொத்தம் ஏறக்குறைய சரி, நாள் கணக்கு மட்டும் தாறுமாறு. எல்லாரும் மீட்டரைச் சந்தேகப்பட்டார்கள். வெயிலில் மூன்று நாள் மீட்டரைக் கழற்றி மாட்டினோம்.

கடைசியில் பார்த்தால் சர்வர் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமக்கு நள்ளிரவு 12-க்கு மாறுகிற நாள் அதற்குக் காலை 5.30-க்குத்தான் மாறுகிறது. சரியாக 22 துண்டு தள்ளி வெட்டியிருக்கிறது. காற்று குறைந்த மாதங்களில் இது யார் கண்ணிலும் படவில்லை. ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும்போது கதை வேறு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. முதல் நாள் ராத்திரி பலத்த காற்று, மறுநாள் ராத்திரி மந்தம் என்றால் அந்த ஐந்தரை மணி நேரத்திலேயே கணக்கு எங்கேயோ போய்விடும். மணிவாரிக் கணக்கு இன்னும் மோசம். நம் நேரத்தில் அரை மணி ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு மணியும் பாதியில் வெட்டுப்படும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்குத்தான் எனக்கு இந்த வேலை பிடிக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

பொருநைக்கரை தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊரா சென்னையா என்று கேட்கிறீர்கள். எனக்கும் பெங்களூரில் இருந்து அழைப்பு வந்தது. நான் கயத்தாறை விடாததற்குக் காரணம் வீடு இங்கே இருப்பது மட்டும் இல்லை, காற்றாடி இங்கே இருக்கிறது. தரவில் ஏதாவது விநோதமாகத் தெரிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் டவருக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு வருவேன். உங்கள் வேலைக்கு அந்த டவர் யார்? வள்ளியூர் அக்கா மாதிரி ஆட்கள். மேனேஜர் ஆனால் அந்த போன் யாருக்கு வரும்? உங்களுக்கு வராது, உங்கள் டீமில் ஒரு பையனுக்கு வரும். அதை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.

---

பேட்டை ரோடு | திங்கள், காலை 9.10

மேடம் கடைசியில் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு அந்த போன் வந்து பத்து வருஷம் இருக்கும்.

தம்பி, அப்படியானால் ஒன்று செய். ‘மேனேஜர் வேண்டாம்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதே. எந்த மேலதிகாரிக்கும் அது பிடிக்காது. வேண்டாம் என்பதோடு, எது வேண்டும் என்பதையும் பெயர் வைத்துக் கேள். இந்திய மொழித் தரவு முழுக்க என் பொறுப்பில் விடுங்கள், இரண்டு ஜூனியர்கள் கொடுங்கள், மாதம் ஒரு வாரம் சென்னைக்கு வருகிறேன் என்று எழுது. நம் ஊருக்கு 2023-இல் வந்தே பாரத்தும் வந்துவிட்டது, பகலிலேயே போய்ச் சேரலாம். அந்த எஸ்எம்எஸ் பில் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போட்டு முதல் பத்தியிலேயே வை. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறவன், எதைப் படிப்போம் என்று எனக்குத் தெரியும்.

---

பொருநைக்கரை | வெள்ளி, இரவு 8.30

பேட்டை அண்ணாச்சி சொன்ன மாதிரியே எழுதி, புதன்கிழமை பேசினேன். மேனேஜர் பதவி வேறு ஒருவருக்குப் போகிறது. மொழித் தரவு என் பொறுப்பு, ஒரு ஜூனியர் (இரண்டு கேட்டேன், ஒன்றுதான் கிடைத்தது), மாதம் ஒரு வாரம் சென்னை. சம்பளம் அவர்கள் முதலில் சொன்ன உயர்வில் பாதி கூடும். அம்மாவிடம் சொன்னேன். ‘பாதி கூடுதுன்னா கூடத்தானே செய்யுது’ என்றாள்.

சாரல் அண்ணாச்சி, எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் கட்டுரை கொக்கிரகுளம் என்கிற ஊர்ப்பெயரைப் பற்றியது. ‘கொ’ என்பதில் க-வோடு சேர்கிற கொம்பு-காலை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. தேடினால் பாதி ஆட்கள் காணாமல் போவார்கள். இதை யூனிகோடின் என்எஃப்சி என்கிற முறையில் ஒன்றாக்கிவிடலாம். ஆனால் ‘சௌந்தரம்’ என்பதை யாராவது கொம்பு போட்டு, ளகரம் போட்டு அடித்திருந்தால் அதை எந்த முறையும் சேர்த்துவைக்காது, கையால்தான் திருத்த வேண்டும். அதற்கு ஒரு வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

---

சங்கரன்கோவில் மாணவன் | ஞாயிறு, காலை 11.00

அண்ணா, நீங்கள் சொன்னதை நம்பி ஒரு பிரச்சினையைப் பிடித்தேன். நம் பக்கத்து பஸ் ஊர்ப் பெயர்கள் 140 தட்டச்சு செய்து பைத்தானில் வரிசைப்படுத்தினேன். கன்னியாகுமரி நீங்கள் சொன்ன மாதிரியே மேலே ஏறிக்கொண்டது. ஐசியூ போட்டுச் சரிசெய்துவிட்டேன். ஒன்று மட்டும் புரியவில்லை. ஜமீன் சிங்கம்பட்டி முன்பு ச-வுக்கு அடுத்து நின்றது, இப்போது பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டது. எது சரி?

---

பொருநைக்கரை | ஞாயிறு, காலை 11.25

இரண்டும் காரணத்தோடுதான் நிற்கிறது தம்பி. யூனிகோடில் ஜ-வின் எண் ச-வுக்குப் பக்கத்தில். அகராதி வரிசையில் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ன-வுக்கு அப்புறம். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் எங்கே தேடுவார் என்பதை நீயோ நானோ சொல்ல முடியாது. தேடுகிற ஆளிடமே கேட்டுப் பார்.

---

சங்கரன்கோவில் மாணவன் | ஞாயிறு, மாலை 5.40

எங்கள் ஆச்சியிடம் கேட்டேன். அந்தப் பக்கம் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு வருஷா வருஷம் போகிறவள். ‘சிங்கம்பட்டிய சி-ல தேடாம வேற எங்க தேட?’ என்றாள். அதனால் ‘அழைக்கும் பெயர்’ என்று இன்னொரு பத்தி சேர்த்து அதை வைத்து வரிசைப்படுத்துகிறேன். இதே மாதிரி எழுதுவது ஒன்று, கூப்பிடுவது ஒன்றாக இருக்கிற ஊர்கள் தெரிந்தால் எல்லாரும் சொல்லுங்கள்.

---

ஆடிக்காற்று | ஞாயிறு, மாலை 6.05

அம்பாசமுத்திரம், அம்பை. பாளையங்கோட்டை, பாளை. கல்லிடைக்குறிச்சி, கல்லிடை. விக்கிரமசிங்கபுரத்தை வி.கே.புரம் என்றுதான் சொல்வார்கள், புள்ளி வைத்தும் எழுதுவார்கள், வைக்காமலும் எழுதுவார்கள். இரண்டையும் சேர்த்துக்கொள் தம்பி.